கடலைக் கட்டியவள்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
20-7-75

என் செல்ல மகள் பிளாரன்ஸுக்கு,

மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாலும், நான் வைத்த பெயரில்தான் கூப்பிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே நானும் உன் அற்புதமணி அத்தையும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஒரு அருள்நிறைந்த மந்திரம் தனியாகச் சொல்லுகிறோம். உகாண்டாவில் நம் ஆட்களையெல்லாம் துரத்தி மூன்று வருஷமாகிறது. உங்களைப் போன்ற கன்னியர்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள் என்கிறாய். விட்டு வைத்தவன் எந்த நேரம் எப்படி மாறுவானோ. ஆஸ்பத்திரி மலைமேல் இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான்.

இங்கே மழை இல்லை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய பெரிய கப்பல் வருகிறது, நம் தெருப் பையன்கள் பாதிப் பேர் அங்கேதான் வேலை. உன் அத்தை இப்போதும் மீனைத் தொடுவதில்லை. கடற்கரையில் பிறந்து கீரைக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று கேலி செய்கிறேன். சனிக்கிழமை தோறும் வெறுங்காலோடு மாதா கோயிலுக்கு நடக்கிறாள். தொண்டை மட்டும் அப்படியேதான், பேசினால் உமியை அரைக்கிற மாதிரி.

நீ எழுதியிருந்த கிழவி விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். கொபுசிங்கே என்ற அந்தப் பெயரை அத்தைக்குச் சொல்ல வரவில்லை, சிரிக்கிறாள். முஹுமுசா என்று அந்தப் பக்கத்தில் ஒரு ராணி இருந்தாளாம், ருவாண்டா ராஜாவுக்குப் பெண்டாட்டியாம், அவள்மேல் நியாபிங்கி என்ற ஆவி வருமாம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். ராணி பல்லக்கில் போவாள் என்று பார்த்தால் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாமே. உன் கிழவி பத்து வயதில் அந்தக் கூடைக்குப் பின்னால் பால்குடம் சுமந்து நடந்தாள் என்கிறாய். வெள்ளைக்காரன் துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும் என்று முஹுமுசா சொன்னாளாம், அதை நம்பி முன்னே நின்ற கிழவியின் தகப்பன் செத்தானாம். ராணியைப் பிடித்துக்கொண்டு போய் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பாலாவில் வைத்து, அங்கேயே அவள் உயிரும் போயிற்றாம். இத்தனைக்கும் பிறகு அந்த ஆவி இப்போது கிழவிமேல் வருகிறது என்று ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களாம். அப்பா செத்த பிறகும் எப்படி நம்புகிறாய் என்று நீ கேட்டதற்கு, அவள் பொய் என்றால் என் அப்பா சும்மாவா செத்தார் என்று திருப்பிக் கேட்டாளாமே. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் காகிதத்தை மடக்கி வைத்துவிட்டேன்.

இடுப்பு முறிந்த கிழவியை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க, அவளுடைய மரப்பட்டைத் துணியைப் பத்திரமாக வைத்துத் திருப்பித் தருவேன் என்று நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். இப்போது மடத்துத் தாயார் அதை மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று எல்லோர் முன்னாலும் எரிக்கச் சொல்லுகிறார். அலமாரிச் சாவி உன்னிடம் இருக்கிறது. அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டால்தான் ஆவி பேசும் என்கிறார்கள். துணி போன நாளிலிருந்து கிழவி சுவரைப் பார்த்துப் படுத்து, ஒரு வாய் பாலைத் தவிர ஒன்றும் தொடாமல், பேசாமல் கிடக்கிறாள். என்ன செய்யட்டும் அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியுமே, நீ கூட முன்னே ஒரு அறையில் கதவை அடைத்துக்கொண்டு இருப்பாயே என்று கேட்டிருக்கிறாய்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அறையில் இருந்தது ஒற்றைத் தலைவலிக்காக. உனக்கு அப்போது ஏழு வயது, பிள்ளைகள் எதையோ பார்த்து எதையோ நினைக்கும். பெரியவர்கள் சொல்வதைக் கேள், துணியை எரித்துவிடு. நாலு நாள் முறுக்கிக்கொண்டு கிடப்பாள், பிறகு பசித்தால் தானே எழுந்து சாப்பிடுவாள்.

குளிரில் நெஞ்சை மூடிக்கொள். தேவமாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
பிலோமி

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
26-7-75

மகளே பிளாரன்ஸ்,

எரிக்காதே. முந்தின கடிதத்தில் எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள். இது கையில் கிடைக்கும்போது மற்ற வேலையை வைத்துவிட்டு முதலில் அலமாரியைத் திற.

கடிதத்தைப் பெட்டியில் போட்ட மறுநாளே தபாலாபீசுக்குப் போய்த் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். பை அப்போதே மதுரைக்குப் போயாச்சு அம்மா, பெட்டிக்குள்ளே விழுந்தது பெட்டிக்காரனுக்குத்தான் சொந்தம் என்று சிரித்தார் அந்த ஆறுமுகநயினார் அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு மாதா கோயிலில் கொடியேற்றம். ஊரே அங்கே இருக்கிறது, நான் குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீல ஏர்மெயில் காகிதத்தில் இடம் போதாது, வெள்ளைத் தாளாக வாங்கி வந்தேன்.

சாயங்காலம் கோயிலில் திரிகால மணி அடிக்கும்போது நான் பேசமாட்டேன், நினைவிருக்கிறதா? நீ ஏதாவது கேட்பாய், நான் கொல்லைக்குப் போய்விடுவேன். அம்மா செபம் பண்ணுகிறாள் என்று நீ அடுத்த வீட்டில் சொல்வாய். அது செபம் இல்லை. மணி அடித்தவுடன் என் வாய் கட்டிக்கொள்ளும். தாடை இறுகி, உள்ளே உப்புத் தண்ணீர் ஊறி நிறையும். கொல்லையில் போய் நிற்பேன், கொஞ்ச நேரத்தில் வாய் தானே திறக்கும், துப்பிவிட்டு வருவேன். முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு முழ இடத்தில் எதுவும் முளைப்பதில்லையே, அது அந்த இடம்தான். இருபது வருஷமாக இப்படி. உனக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட அன்று கட்டிக்கொண்ட வாய் மறுநாள் காலைப் பூசை வரை திறக்கவில்லை. சாமியார் நன்மை அப்பத்தை நாக்கில் வைக்க வந்து நின்றார், என்னால் நாக்கை நீட்ட முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அடுத்தவளிடம் போய்விட்டார்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லுகிறேன். என் அப்பா, உன் தாத்தா, கடல்கட்டி. முத்துக்குளிப்பு நடக்கும்போது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். கவர்மெண்டு அந்தப் பதவியை எப்போதோ எடுத்துவிட்டது, ஆனாலும் கட்டு இல்லை என்றால் குளிக்கிறவன் ஒருவனும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் அப்பா எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஐம்பத்தைந்தாம் வருஷக் குளிப்புக்கு நான்தான் கட்டினேன். பொம்பளை கட்டிய கட்டு நிற்குமா என்று கடற்கரையில் முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் வந்தார்கள், வேறு ஆள் இல்லையே.

கடல்கட்டி கடலுக்குப் போவதில்லை. கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல், கதவடைத்த அறையில் இருக்க வேண்டும். முன்னால் பித்தளை உருளியில் கடல் தண்ணீர். எத்தனை படகு போகிறதோ அத்தனை சோழி அந்தத் தண்ணீரில் போடுவது. நமக்கு அன்று நாற்பத்தொன்று. ஒவ்வொரு படகும் கரை தொடும்போது வெளியே இருந்து ஓர் ஆள் அதன் பெயரைக் கூவ, உள்ளே ஒரு சோழியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். கூவியது உன் அத்தை, உன் அப்பாவின் தங்கச்சி, அப்போது பத்தொன்பது வயது, மணி மாதிரித் தொண்டை. கடைசிச் சோழி எடுத்த பிறகு, திரிகால மணிக்குக் கட்டை அவிழ்க்க வேண்டும். கட்டியே கிடந்தால் இருட்டில் திருடன் பயமில்லாமல் முங்கிச் சிப்பியை அள்ளிவிடுவான். சுறாவும் வாயுள்ள ஜீவன், அதுவும் தின்ன வேண்டும் என்று அப்பா சொல்வார்.

உன் அப்பா வலிப்பு வந்து முங்கிவிட்டார் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது இல்லை. அன்று அவருடைய சின்ன வள்ளம் கடைசி. என் அண்ணன், உன் ஜேசுபாதம் மாமாதான் கயிறு பிடித்தார். குளிக்கிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான், தங்கச்சி தாலியை நினைத்துக் கவனமாக இருப்பான் என்று. அவர்கள் வந்து சேருமுன்னே நான் கட்டை அவிழ்த்துவிட்டேன். அற்புதமணி நாற்பத்தொரு பெயரும் கூவிவிட்டாள் என்று நினைத்து அவிழ்த்தேன். மத்தியானத்திலிருந்து கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்தாள், வராத வள்ளத்தையும் சேர்த்துக் கூவிவிட்டாள். அந்நேரம் உன் அப்பா தண்ணீருக்குள் இருந்தார். அண்ணன் கயிற்றை இழுத்தபோது லேசாக வந்ததாம். அதற்குமேல் அவர் ஒருநாளும் சொல்லவில்லை, மணப்பாட்டுக்குப் போனவர் அங்கேயே செத்துப்போனார்.

சாமியார் என்னை மாதா பீடத்தின் முன்னால் நிறுத்தி, இனி அந்த அறையில் உட்காரமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அது எல்லாம் பொய், சுறாவுக்கு மந்திரமும் தெரியாது மண்ணும் தெரியாது என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். கட்டு பொய்யென்றால் அவிழ்த்ததும் பொய்தானே, அப்போது நான் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் அது பொய்யென்றால் என் அப்பா, அவர் அப்பா, நான் எல்லோரும் காலம் பூராவும் உருளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பைத்தியங்கள். நிஜமென்றால் நான் புருஷனைக் கொன்றவள். இரண்டில் எதை நம்பினாலும் எனக்குத் தூக்கம் வராது. உன் கிழவி சொன்னது எனக்குப் புரிந்துபோயிற்று, அதனால்தான் எரி என்று எழுதினேன். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

குண்டின் வாயைக் கட்ட நினைத்தவளும் சுறாவின் வாயைக் கட்ட நினைத்தவளும் கெட்டவர்கள் இல்லை மகளே. தங்களை நம்பி முன்னே போகிறவன் திரும்பி வர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். அந்தத் துணியை அவளிடம் கொடு. மடத்துத் தாயார் திட்டினால் வாங்கிக்கொள், நான் உன்னைத் திட்டாத திட்டா. வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றியவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், என் பிள்ளைக்கு அது வேண்டாம்.

விண்ணேற்புத் திருநாளுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் அந்தக் கடிதத்தை முந்த வேண்டும் என்று புனித அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன். மாதா உன் கைக்குத் துணையாக இருக்கட்டும்.

உன் அம்மா
பிலோமி

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி
7-9-75, ஞாயிறு

என் மகள் பிளாரன்ஸுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு கடிதமும் ஒரே பையில், திருநாளுக்கு இரண்டு நாள் முன்னே வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறாய். எதை முதலில் பிரித்தாய் என்று எழுதவில்லை. எழுதாமலே இரு. துணியைக் கொடுத்துவிட்டாய் என்பது போதும். அதற்காக உன்னை மூன்று வாரம் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றாய், கை வெடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் கிடைத்தால் தடவு.

கிழவி துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இரண்டு நாள் அசையாமல் இருந்து, மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள் என்று படித்தபோது அற்புதமணி கையெடுத்துக் கும்பிட்டாள். அதுவரைதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மற்றதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

நான் எழுதியதையெல்லாம், உருளியும் சோழியும் நாற்பத்தொரு படகும், நீ ஒரு நர்சை வைத்து அவளுக்குச் சொன்னாய். சொல்லி முடித்ததும் துணிக்குள்ளிருந்து பத்து வயதுப் பிள்ளையின் குரல் வந்தது, நர்சு தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள், நீ மட்டும் நின்றாய். அந்தக் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டது. உன் அம்மா அவிழ்த்தபோது தண்ணீரில் எத்தனை மிச்சம் இருந்தது? இதுக்கு என்னம்மா அர்த்தம், எல்லாச் சோழியையும் எடுத்துவிட்டுத்தானே அவிழ்த்தாய் என்று எழுதியிருக்கிறாய்.

வியாழக்கிழமையிலிருந்து நான் சாப்பிடவில்லை. பயப்படாதே, இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா போன நாளுக்கு முந்தின நாள், நம் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது உன் அப்பா என்னைக் கேலி செய்தார். கேலி அவருக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று கடற்கரையில் ரெண்டு பேர் பொம்பளைக் கட்டு என்று என் காதுபடப் பேசியிருந்தார்கள், நான் அந்தப் புண்ணோடு இருந்தேன். ஏளா பிலோமி, நீ கட்டுறதுக்கும் அவுக்கிறதுக்கும் சுறா மணி பாத்துக்கிட்டா கெடக்கு, நாளைக்கு நீ அவுத்த பொறவு ஒரு முங்கு முங்கிக் காட்டுதேன், அப்பமாவது இந்தக் கூத்தை விடு என்றார். அண்ணன் சிரித்தார். அற்புதமணியும் சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் சொன்னபடியே செய்தார். படகெல்லாம் காற்று திரும்பியதும் வந்துவிட்டது, அவருடைய வள்ளம் மட்டும் வரவில்லை. உள்ளே நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அற்புதமணி நாற்பது பெயர் கூவினாள். நாற்பதுதான் கூவினாள், பிளாரன்ஸ். அவள் தப்பாகக் கூவவில்லை. உருளியில் ஒரு சோழி கிடந்தது. தண்ணீர் கலங்காமல் இருந்ததால் அதன் வாயில் இருக்கிற பல்லுப் பல்லான கோடு கூடத் தெரிந்தது. மணி அடித்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், கடைசிப் படகு வரும் வரை மணி அடித்தாலும் பொறுப்பதுதான் முறை. எனக்குத் தெரியும். அவர் அங்கே கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு மணிக்காகக் காத்திருப்பதும் தெரியும்.

நான் அவிழ்த்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை, மாதா சாட்சி. ஒரு நிழல் கிட்டத்தில் வந்து போகட்டும், பயந்து மேலே வரட்டும், வீட்டுக்கு வந்து நீ சொன்னது நிஜம்தாண்டி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக உன் தகப்பனைத் தோற்றேன்.

அண்ணன் தனியாக வந்து மணலில் விழுந்தபோது ஊரே வாசலில் நின்று எப்படி அவிழ்த்தாய் என்று கேட்டது. அற்புதமணி கூவினாளே என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கூவினேனா மதினி என்று கேட்டாள். கூவினாய் என்றேன். மத்தியானம் பூராவும் கூவிய பிள்ளைக்கு எதைக் கூவினோம் எதைக் கூவவில்லை என்று நினைவில்லை, எண்ணிக்கை உள்ளே இருக்கிற என்னிடம்தானே. நம்பிவிட்டாள். அன்றைக்கு அழுது அழுது போன தொண்டை திரும்பவில்லை. புன்னைக்காயலிலிருந்து வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். மீனை விட்டாள். அண்ணனைத் தின்ற பாவி என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு, அண்ணன் பெண்டாட்டிக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு, இருபது வருஷமாக என் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள். நானும் அவளைக் கீரைக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று கேலி செய்தேன். உனக்குக்கூட எழுதினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இருபது வருஷமாக இதைக் கோபம் என்று மட்டும் சொல்லி வருகிறேன். கோபப்பட்டேன் சாமி என்பேன், சாமியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார். எந்தச் சாமியாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வியை, கடல் என்றால் என்னவென்று பார்த்திராத மலைநாட்டுக் கிழவி கேட்டுவிட்டாள். அவள்மேல் வந்தது ஆவியோ, அறுபது வருஷத் துக்கமோ, எனக்குத் தெரியாது. அவள் தகப்பனைப் போல ஒருத்தன் என் பேச்சுக்காகவும் தண்ணீருக்குள் போனான், அதை அவள் கண்டுகொண்டாள்.

இப்போது சாயங்காலம் ஆகிறது. அற்புதமணி கொல்லையில் கோழியை அடைத்துக்கொண்டிருக்கிறாள். மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கும். அடித்துவிட்டால் வாய் கட்டிக்கொள்ளும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும். இருபது வருஷமும் அப்படி நாளைக்கு நாளைக்கு என்றுதான் போயிற்று. அந்தச் சோழி என்னிடம்தான் இருக்கிறது, பெட்டியில் உன் ஞானஸ்நானச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தேன். இப்போது முந்தானையில் முடிந்திருக்கிறேன். இந்தத் தாளை மடித்தவுடன் அவளைக் குசினிக்குக் கூப்பிட்டு, அவள் கையில் அதை வைத்துச் சொல்லப்போகிறேன். அவள் அதற்குப் பிறகு இந்த வீட்டில் இருப்பாளோ என்னவோ. போகிறேன் என்றால் தடுக்கமாட்டேன். உன்னிடம் வர வேண்டும் என்று அவள் எழுதினால், அத்தையைத் தள்ளாதே.

நீ எனக்கு மறுபடி எழுதுவாயா என்று கேட்கத் தைரியமில்லை. எழுதாவிட்டாலும் என் ஆசீர்வாதம் உனக்கு இருக்கிறது, அதை யாரும் அவிழ்க்க முடியாது. வெடித்த கைக்கு எண்ணெய் தடவு. உன் அப்பாவின் ஆத்துமம் இளைப்பாற ஒரு பூசை ஒப்புக்கொடு, காரணம் என்னவென்று இந்தத் தடவை மறைக்காமல் சொல்.

அந்தப் பெரிய மனுஷி எத்தனை மிச்சம் என்று கேட்டாளே. நான் பதில் அனுப்பியிருக்கிறேன் என்று சொல். ஒன்று என்று சொல்.

உன் அம்மா
பிலோமி